இடது பக்கப் பெட்டி

இயேசு மரி சூசை

ஏற்காடு
9-6-1985

அன்புள்ள மாப்பிள்ளை பாக்கியநாதன் அவர்களுக்கு,

ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. நானும் அற்புதமும் சுகம். உங்கள் நலத்தையும் தங்கை லூர்துசெல்வியின் முட்டிவலி எப்படி என்பதையும் எழுதவும்.

நேற்று ஸ்டீரியோ செட்டை வேனில் ஏற்றும்போது, "பத்தொன்பது வருசம் வெச்சிருந்துட்டு ஏன் மச்சான் விக்கறீங்க?" என்று கேட்டீர்கள். நேரில் கேட்டால் எனக்குப் பதில் ஒழுங்காக வராது என்பதால் எண் போட்டு எழுதுகிறேன்.

1. என் வலது காது மந்தமாகிவிட்டது.
2. மலை ஈரம் செட்டுக்கு ஆகாது.
3. அற்புதத்துக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லை.
4. ஆகவே, விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை.

இனி விளக்கம். ஸ்டீரியோ என்பது இரண்டு காதுகளுக்கென்று செய்யப்பட்டது. எனக்கு இருப்பது ஒன்றேகால் காது. அடுத்து, ஆடியிலிருந்து கார்த்திகை வரை இசைத்தட்டுகளில் பூசணம் பிடிக்கும். அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு பல்பு எரிந்தால்தான் தப்பும். மூன்றாவதை நான் குறையாகச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாள்கூட வந்து உட்கார்ந்து கேட்டதில்லை. எனக்குப் பிறகு அது அவளுக்கு ஒரு பாரமாகத்தான் இருக்கும். நான்காவதற்கு விளக்கம் தேவையில்லை.

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் இடையே ஏழடி இருக்கட்டும். கேட்பவரின் நாற்காலி இரண்டிலிருந்தும் அதே ஏழடி. பெட்டிகளின் பின்னால் பென்சிலால் 'இ', 'வ' என்று எழுதியிருக்கிறேன். இடம் மாற்றிவிட வேண்டாம். ஊசியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அன்புடன்,
ஸ்தனிஸ்லாஸ்


சூரமங்கலம், சேலம்
21-6-1985

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

பாக்கியநாதன் வணக்கம். லூர்துவின் முட்டி அப்படியே இருக்கிறது, அவள் வாயும் அப்படியே இருக்கிறது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் செட்டுக்கு மட்டும் அது பிடித்துப்போய்விட்டது.

எங்கள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மாதப்பன் என்று ஒருவன். வேலை நேரம் போக மைக் செட் வாடகைக்கு விடுகிறான். அவனைக் கூட்டிவந்து காட்டினேன். பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏனுங்க, இத இத்தன வருசமாத் தரையிலயா வெச்சிருந்தாரு உங்க மச்சான்? படிச்ச வாத்தியாருன்னு சொன்னீங்க?"

அவனே போய் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளைக் கொண்டுவந்து கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெட்டியை ஏற்றினான். மச்சான், இதுவரை அந்த மிருதங்கம் எங்கே ஒளிந்திருந்தது? இப்போது நெஞ்சில் வந்து அடிக்கிறது. மேட்டூர் வண்டி போகும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கிடுகிடுக்கும், ஆனால் ஊசி ஒரு மயிரிழை நகர்வதில்லை.

ஒன்றே ஒன்று. தட்டு முடியும் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வருகிறது. ஊசி தேய்ந்துவிட்டது என்கிறான் மாதப்பன். சேலம் முழுக்கத் தேடிவிட்டேன், இந்த மாதிரி ஊசி கிடைக்கவில்லை. உங்களிடம் வேறு இருக்கிறதா?

அக்காவின் கண்புரையை இன்னும் தள்ளிப்போட வேண்டாம். இங்கே அனுப்பிவையுங்கள். ஆஸ்பத்திரி நடக்கும் தூரம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள்,
பாக்கியநாதன்


இயேசு மரி சூசை

ஏற்காடு
3-7-1985

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் இருவரும் நலம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தினால் கனத்த ஒலி குறையும் என்றுதான் நான் படித்த புத்தகங்களில் உள்ளது. கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் புதுச் செட், புது உற்சாகம். எல்லாமே கூடியதாகத்தான் கேட்கும். ஆனாலும் அந்தத் தொட்டியின் உயரம் எத்தனை அங்குலம் என்று மாதப்பனிடம் கேட்டு எழுதவும். வெறும் தகவலுக்காக.

அற்புதம் பத்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறாள். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் கிளியூர் மருதாயி துணைக்கு வருகிறாள். அற்புதத்தால் உங்களுக்குச் சிரமம் இருக்காது. செட் பக்கமே வரமாட்டாள். ஆபரேஷன் ஆகும்வரை சமையலறையில் ஒரு மூலை போதும்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
ஸ்தனிஸ்லாஸ்


சூரமங்கலம்
26-7-1985

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நல்ல செய்தி முதலில். திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதைக்கு இரண்டு கண்களுக்கும் கட்டு. அவிழ்த்த பிறகும் ஒரு மாதம் குனியக்கூடாது, படிக்கக்கூடாது, இருமக்கூடாது. அக்கா தைரியமாக இருக்கிறார். தொட்டி பதினான்கு அங்குலம்.

சமையலறைப் புகை கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அக்காவை முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தோம். நீங்கள் சொன்ன அதே ஏழடி நாற்காலிதான். பொழுது போகட்டும் என்று ஒரு தட்டைப் போட்டேன். அது முடிந்ததும் அக்கா கேட்டார்:

"தம்பி, கருப்பு அட்டைத் தட்டு ஒண்ணு இருக்குமே, வீணைக் கச்சேரி. அதப் போடறீங்களா?"

போட்டேன். இரண்டாவது உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப ஒருத்தரு இருமுவாரு பாருங்க."

இருமினார் மச்சான். கச்சேரி கேட்க வந்த எந்த மகராசனோ, சரியாக அந்த இடத்தில் இருமினார். நாட்டமில்லை என்று எழுதியிருந்தீர்களே?

லூர்து உங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாள். ஊசி பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் பதில் எழுதவில்லை.

உங்கள்,
பாக்கியநாதன்


இயேசு மரி சூசை

ஏற்காடு
30-7-1985

அன்புள்ள அற்புதத்துக்கு,

நான் சுகம். உன் கண் குணமாக ஒவ்வொரு நாளும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். சோறு நன்றாக வடிக்கிறேன். குழம்பு இன்னும் பிடிபடவில்லை. பூனை என்னைக் கண்டால் வெளியே போய்விடுகிறது. முன்னறையில் செட் இருந்த இடம் மட்டும் பலகைத் தரையில் நிறம் மாறாமல் மூன்று சதுரங்களாகத் தெரிகிறது. அதன் மேல் மிதிக்க மனம் வரவில்லை.

சில கேள்விகள்.

1. நீ உட்கார்ந்து தட்டு கேட்பதாக மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். உண்மையா?
2. உண்மையென்றால் தினம் எவ்வளவு நேரம்? அப்போது மாப்பிள்ளையும் உடன் இருக்கிறாரா?
3. அங்கே கேட்பதற்கு இங்கேவிட நன்றாக இருக்கிறதா? என் மனம் நோகுமென்று மறைக்காதே.
4. மேசை இழுப்பறையில், தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி ஒரு புது ஊசி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் வாய் திறக்காதே. தேய்ந்த ஊசியோடு விற்றது நியாயமில்லைதான். எங்கே போனாலும் அது இந்த வீட்டில் பாடியதைவிட நன்றாகப் பாடிவிடக்கூடாது என்று தோன்றிவிட்டது. ஏன் அப்படித் தோன்றியது என்று எனக்கே விளங்கவில்லை.

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

உன்,
ஸ்தனிஸ்லாஸ்


சூரமங்கலம்
5-8-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

லூர்துசெல்வி எழுதுவது. எல்லோரும் சுகம். அண்ணி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது என்று கட்டளை.

ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? மாத்திரை வேளாவேளைக்குப் போடறீங்களா? கண்ணு ரெண்டையும் கட்டிட்டு உக்காந்திருக்கறவளுக்குப் போயி, படிச்சதும் கிழிச்சுப்போடுன்னு எழுதியிருக்கறீங்களே, நான் எப்படீங்க படிப்பேன்? லூர்துதான் படிச்சா. நடு ஊட்ல நின்னுட்டு, சத்தமா. தம்பி டீ குடிச்சிட்டு இருந்தாருங்க. தீப்பெட்டி வந்ததும் லூர்து டக்குனு நிறுத்திட்டா. "மேல படி புள்ள"ன்னாரு தம்பி. படிச்சா. பொறவு அவரு சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிருச்சுங்க. எனக்குத்தான் நொம்ப வெக்கமாப் போச்சு.

(அண்ணா, அவர் கோபப்படவே இல்லை. மாதப்பனிடம் சொல்லி அன்று முழுக்கச் சிரித்தார். - லூர்து)

நீங்க கேட்டதுக்குச் சொல்றனுங்க. ஆமாங்க, கேக்கறேன். தெனம் ரெண்டு மணி நேரம் ஆகும். தம்பி ஊட்ல இருந்தா அவரும் கேப்பாரு. இங்க நல்லா இருக்குதா, அங்க நல்லா இருந்துச்சான்னு கேட்டா நான் எத வெச்சுங்க சொல்லுவேன்? அங்க முன்னறைக்குள்ள நான் வந்ததே இல்லீங்களே. கலியாணமான புதுசுல ஒருக்கா காப்பி கொண்டாந்தேன், பலகை ஆடி ஊசி குதிச்சுருச்சு. நீங்க ஒரு வார்த்த வையலீங்க. மக்கா நாளு கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருந்தீங்க, 'தட்டு ஓடும்போது யாரும் உள்ளே வர வேண்டாம்'னு. ஊட்ல இருந்தது ரெண்டே பேரு. நீங்க உள்ள இருந்தீங்க. அப்பறம் அந்தச் சீட்டு ஆருக்குங்க?

பூனைக்குச் சோத்துல பால ஊத்தி வைங்க, மோர் ஊத்துனா திங்காது. டாக்டர் இன்னும் ஒரு மாசம் இருக்கோணும்னு சொல்லிட்டாரு.

(சீட்டைப் பற்றிச் சொல்லும்போது அண்ணி சிரிக்கவில்லை. எழுதுவதா வேண்டாமா என்று கேட்டேன், எழுது என்றார்.)

அன்புத் தங்கை,
லூர்துசெல்வி


சூரமங்கலம்
24-8-1985

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

பத்தொன்பது நாளாக உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஊசி விஷயத்தை மறந்துவிடுங்கள். நானாக இருந்தால் ஸ்பீக்கரிலேயே ஒன்றை ஒளித்துவைத்திருப்பேன்.

அக்காவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. பச்சைக் கண்ணாடி போட்டிருக்கிறார். லூர்து "சினிமாக்காரி மாதிரி இருக்கீங்க அண்ணி" என்று கேலி செய்கிறாள்.

ஒரு வேடிக்கை நடந்தது. முந்தாநாள் மறுபடி அந்தக் கருப்பு அட்டைத் தட்டு. முதல் தடவை ஓடியபோது கண் வலிக்கு மாத்திரை போட்டு அரைத் தூக்கத்தில் இருந்தாராம். இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். இரண்டு நிமிடம் ஓடியிருக்கும், கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, இது ஆரு புதுசா?"

"யாரக்கா?"

"வீணைக்கு அந்தாண்ட ஒருத்தரு பிடில் வாசிக்கறாரே."

"அது ஆரம்பத்துல இருந்தே இருக்குதுக்கா. வீணையும் வயலினும் சேந்த கச்சேரி. அட்டையிலயே ரெண்டு பேரு படமும் போட்டிருக்குதே."

"எங்கூட்டுத் தட்டுல இவரு இல்லீங்க தம்பி."

அட்டையைக் கையில் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். நான்கு முறை போட்டோம். நான்காவது முறை அக்கா அழுதார். கண்ணுக்கு ஆகாது என்று லூர்து சத்தம் போட்டாள். "அவரு கேக்கறதுக்கெல்லாம் இவரு பதிலு சொல்லிட்டே இருந்திருக்காரு" என்றார் அக்கா. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாத்தியார் ஊட்ல வலது பெட்டி பேசியே இருக்காதுங்க" என்கிறான் மாதப்பன். உண்மையா மச்சான்? பத்தொன்பது வருடம் ஒரே பெட்டியிலா கேட்டீர்கள்?

உங்கள்,
பாக்கியநாதன்


இயேசு மரி சூசை

ஏற்காடு
29-8-1985

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். வலது பெட்டி என்னிடம் இருந்தவரை ஒரு நாளும் ஊமையாக இருந்ததில்லை. 1972 மார்ச்சில் ஒரு முறை கம்பி விட்டுப்போனது. அன்று மாலையே பற்றவைத்தேன். தேதியோடு குறித்துவைத்திருக்கிறேன். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுகிறவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை.

யோசித்துப் பார்த்ததில், செட்டை விற்றது அவசர முடிவு என்று படுகிறது. நீங்கள் கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்துவிடுகிறேன். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளுக்குள் செட்டையும் அற்புதத்தையும் அனுப்பிவைத்தால் நல்லது. இதற்கு மேல் அங்கே தட்டு போட வேண்டாம்.

இப்படி எழுதுவது எனக்கு வழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஸ்தனிஸ்லாஸ்


சூரமங்கலம்
3-9-1985

மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். செட்டை வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டியாயிற்று. ஏழாம் தேதி குப்பனூர் வழியாக மேலே வருகிற லாரியில் மாதப்பன் ஏற்றிவிடுகிறான். மூட்டை எண்ணுகிறவன்தான், ஆனாலும் உடையாமல் அனுப்புவான். பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். எனக்கு வருத்தம் இருக்கிறது. இல்லையென்று எண் போட்டு எழுத எனக்குத் தெரியாது.

அக்காவும் எட்டாம் தேதி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். செட்டைக் கட்டிய அன்றைக்கே எழுந்துபோய்ச் சமையலறையில் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். புகை அண்ணி, முன்னறைக்கு வாங்க என்று லூர்து கெஞ்சினாள்.

"இருக்கட்டும் கண்ணு. எப்படியும் இனி அங்க போயி இப்படித்தானே உக்காரோணும். பழகிக்கறேன்."

அப்படிச் சொன்னார். உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

பாக்கியநாதன்


இயேசு மரி சூசை

ஏற்காடு
5-9-1985

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. இங்கே ஓயாத மூடுபனி. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாதப்பனைப் பற்றி எழுதிய வரிக்காக மன்னிக்கவும். அவரிடமும் சொல்லவும்.

இந்தக் கடிதத்தை ஏற்காட்டிலிருந்து வரும் பஸ் கண்டக்டர் சின்னையன் உங்கள் கையிலேயே கொடுப்பார். தபாலில் போட்டால் லாரிக்கு முன் வந்து சேராது. சாக்கைப் பிரித்துவிடுங்கள். செட் இங்கே வர வேண்டாம்.

நேற்று நான் ஒரு சோதனை செய்தேன். இடது பெட்டி இருந்த இடத்தில் என் சின்ன டிரான்சிஸ்டரை வைத்தேன். அதற்கு நேர் பின்னால் சமையலறைச் சுவர். அந்தச் சுவரில் தட்டு, டம்ளர் கொடுத்து வாங்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. டிரான்சிஸ்டரைப் பேசவிட்டு, அற்புதம் உட்காரும் அரிவாள்மணைப் பலகையில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பிறகு வலது பெட்டி இருந்த இடத்துக்கு அதை மாற்றி வைத்துவிட்டு வந்தேன். அது வெளிச்சுவர்ப் பக்கம், நடுவில் என் புத்தக அலமாரி. ஏதோ முணுமுணுப்பு. என் காதுதான் காரணமோ என்று மருதாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஒண்ணும் கேக்கலீங்க சாமி, இதுக்கா கூப்டீங்க?" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. அந்தத் தட்டில் வீணை இடது பெட்டியில் வரும், வயலின் வலது பெட்டியில் வரும். இரண்டும் பேசின. அவளிடம் வந்து சேர்ந்தது ஒன்றுதான். பத்தொன்பது வருடமாக அவள் சமையலறையில் கேட்டது எல்லாத் தட்டுகளிலும் பாதி. அந்தப் பாதியில் இருமல் எங்கே வரும் என்பது வரை அவளுக்குத் தெரியும். ஏழடி அளந்து உட்கார்ந்த எனக்கு அந்த இருமல் இருப்பதே நினைவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், என் பாவம் பொறாமை என்று சொன்னேன். "பிறர் உடைமை மேலா?" என்று சாமியார் கேட்டார். "ஆமாம் சாமி, ஆனால் அது மூன்று மாதம் முன்பு என் உடைமை" என்றேன். அதற்கு என்ன அபராதம் கொடுப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். போகவில்லை. முதலில் செட் மேல் என்று நினைத்தேன். பிறகு தொட்டிகள் மேல், மாதப்பன் மேல் என்று நினைத்தேன். நேற்றுத்தான் எதன் மேல் என்று சரியாகத் தெரிந்தது. அந்த வயலினை அவள் முதன்முதலாகக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அதை என்னிடம் விற்க உங்களால் முடியாது, வாங்க என்னாலும் முடியாது.

எட்டாம் தேதி அற்புதம் ஏறி வர வேண்டாம். காலைப் பூசை முடிந்ததும் நான் இறங்கி வருகிறேன். முன்சீட்டில் இடம் பிடித்துத் தருவதாகச் சின்னையன் சொல்லியிருக்கிறார். எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறேன். ஊசி தபாலில் உடையும், அதனால் அதையும் கையோடு கொண்டுவருகிறேன். டாக்டர் போகச் சொல்லும்வரை அவள் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே இருக்கட்டும். எனக்குக் கேட்க எங்காவது ஒரு ஓரம் போதும். வலது காது மந்தமான எனக்கு இப்போது வீணைப் பக்கம்தான் நன்றாகக் கேட்கும். வயலின் என்ன சொல்கிறது என்று அவளிடம் கேட்டுக்கொள்வேன். அவள் சொல்லுவாளா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டாலும் நியாயம்தான்.

கதவிலிருந்த சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன். பசை மரத்தோடு இறுகிவிட்டது, பாதி எழுத்துதான் வந்தது. மீதியைச் சுரண்ட வேண்டும்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். இந்தக் கடிதத்தையும் அவள் நடு வீட்டில் நின்று சத்தமாகவே படிக்கட்டும்.

கடைசியாக, ஜூன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பற்றி. அது உங்களிடம் இருந்தால் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளவும். எண் ஒன்றும் இரண்டும் இருக்கட்டும். எண் நான்கு பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும். அதை அப்படியே விட்டுவிடலாம், நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். எண் மூன்றை மட்டும் அடித்துவிடவும். அதை நான் உண்மையென்று நம்பித்தான் எழுதினேன். அது தவறு.

ஸ்தனிஸ்லாஸ்